பரண் மேல் நாலு மூட்டை

ஜூலை 3

இது உரக்கடையில் ஜனவரி மாதமே கொடுத்த டைரி. ஆறு மாதமாக என் வீட்டுக்காரி சாந்தாமணி இதில் பால் சொசைட்டி ரசீதுகளைச் செருகி வைத்திருந்தாள். எல்லாவற்றையும் உருவி அவள் கையில் கொடுத்துவிட்டேன். இனி இது தோட்டத்து டைரி. செங்காந்தள் என்கிற கண்வலிக்கிழங்கு போடுகிறவன் தேதியையும் செலவையும் எழுதி வைக்க வேண்டும் என்று பக்கத்துக் காட்டுக் குப்புராஜ் சொன்னான். அவன் எழுதி வைத்தானோ இல்லையோ, நாலு வருடத்தில் மாடி வீடு கட்டிவிட்டான்.

எங்கள் கொறங்காடு மூன்று ஏக்கர். கிளுவை முள்ளை வேலியாக நட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல்லையும் நாலு வெள்வேல மரத்தையும் விட்டுவிட்டு, மாட்டை ஓட்டிவிடுவதற்குப் பெயர் கொறங்காடு. அப்பா காலத்திலிருந்து அந்த மூன்று ஏக்கரை மாடுதான் தின்கிறது, மனிதன் தின்னவில்லை. நாளை ஜேசிபி வருகிறது.

சாந்தாமணி காலையிலேயே ஆரம்பித்தாள்.

"காட்டை ஓட்டிப்போட்டா மாடு எங்கீங்க மேயும்?"

"சாளையில கட்டிப் போட்டுத் தீவனம் போடு. இப்ப எல்லாரும் அப்படித்தான்."

"தீவனம் ஆருங்க வாங்கறது?"

"கண்வலி வாங்கும்" என்றேன். என் பதில் எனக்கே பிடித்திருந்தது.

இரண்டு எருமைகளும் ஒரு செவலைப் பசுவும் அவளுடையவை. கல்யாணத்தின்போது அவள் அப்பன் ஓட்டிவிட்ட எருமைக் கன்றின் வழியில் வந்தவை அந்த இரண்டும். பசு அவள் பால் காசில் வாங்கியது. சொசைட்டியில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பணம் போடுவார்கள். உப்பு, மிளகாய், சோப்பு, கரூரில் நர்சிங் படிக்கிற மகள் கோகிலாவுக்கு விடுதிப் பணம் என்று அதிலேயே ஏதோ செய்துகொள்வாள். நான் கேட்டதில்லை. சில்லறைக் காசை எல்லாம் ஆம்பளை கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

ஜூலை 5

வெள்வேல மரம் பதினோரு டன். விறகுக்காரன் எடுத்துக்கொண்டான். காடு துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாகிவிட்டது. மாடுகள் சாளைக் கொட்டகையிலிருந்து கத்திக்கொண்டே இருந்தன.

ஜூலை 22

கிழங்கு நட்டாயிற்று. கம்பிப் பந்தல், சொட்டுநீர், கிழங்கு என்று போன பணத்தை இங்கே எழுதப்போவதில்லை, எழுதினால் தூக்கம் வராது. கடன் பேங்கில் பாதி, குப்புராஜ் கை காட்டிய விதை வியாபாரியிடம் பாதி.

நட்டு முடித்துக் கை கழுவும்போது சாந்தாமணி இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினாள். கிழங்கு, இலை, பூ, விதை எல்லாமே விஷம். அதனால்தான் மருந்துக் கம்பெனிக்காரன் விதைக்கு இவ்வளவு விலை கொடுக்கிறான் என்று அவளுக்கு விளக்கினேன். அவள் விலையைக் கேட்கவில்லை.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. வெளைஞ்சதும் ஒட்டுக்கா வித்துப்போடோணும். ஊட்டுல, சாளையில, எங்கீயும் ஒரு படி வெதைகூட இருக்கக்கூடாது. குப்புராஜண்ணன் ஊட்டுல வெலை ஏறட்டும்னு வெச்சிருந்து ரெண்டு ஆடு செத்துச்சல்லோ."

"சரி."

"வாயில சரிங்காதீங்க. நெசமாச் சொல்லுங்க."

"நெசமாத்தான் சொல்றேன், போ."

ஆடு போனதற்கு அழுத குப்புராஜை நான் பார்க்கவில்லை. கார் வாங்கிய குப்புராஜைத்தான் பார்த்தேன்.

ஆகஸ்ட் 30

முளைத்துவிட்டது. நல்ல முளைப்பு, எண்பதுக்குக் குறையாது.

பால் குறைந்துவிட்டது என்று சாந்தாமணி சொன்னாள். மேய்ந்த மாட்டைக் கட்டிப் போட்டால் கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும். சோளத்தட்டு ஒரு லோடு வாங்கிப் பரணில் ஏற்றினேன். சாளையின் தகரக் கூரைக்கு அடியில் பனஞ்சட்டம் போட்டுக் கட்டிய பரண் அது. ஏணி வைத்து நான்தான் ஏறி இறக்கிப் போட வேண்டும். அவளுக்கு ஏணி ஏறினால் தலை சுற்றும். தட்டுக்கான காசை அவள் கொடுத்தாள். கண்வலி வாங்கும் என்று நான் சொன்னது அடுத்த வருடத்தை நினைத்து.

அக்டோபர் 19

காடெல்லாம் பூ. சிவப்பும் மஞ்சளுமாக நெருப்பு வைத்த மாதிரி இருக்கிறது. ரோட்டில் போகிறவன் பைக்கை நிறுத்திப் போட்டோ எடுக்கிறான்.

இந்தப் பூ தானாகக் காய் பிடிக்காது. தினமும் விடிந்ததும் ஆள் இறங்கிப் பூவுக்குப் பூ மகரந்தத்தைக் கையால் தொட்டு வைக்க வேண்டும், பதினோரு மணிக்கு வெயில் ஏறுவதற்குள். எட்டுப் பெண்கள் வருகிறார்கள். குனியவும் முடியாமல் நிமிரவும் முடியாமல் பந்தலுக்குள் நடக்கிற வேலை. சாந்தாமணி நாலு மணிக்கு எழுந்து பால் கறந்து சொசைட்டிக்குக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு, வந்து அவர்களோடு இறங்கிவிடுகிறாள். ஒன்பதாவது ஆள்.

சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது அவளும் வரிசையில் நின்றாள். எல்லாரும் சிரித்தார்கள். "முதலாளியம்மாவுக்கு ஏதுங்க கூலி" என்றேன். அவளும் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

நவம்பர் 11

மழை. இரண்டு நாளாகப் பூத் தொடவில்லை. அத்தனை பூவும் வீண்.

நவம்பர் 13

மழை.

டிசம்பர் 27

மூத்த எருமை சினை நிற்கவில்லை. கால்நடை டாக்டரம்மா வந்து பார்த்து, "மேய்ச்சல் இல்லைங்க, தாது உப்புக் கொடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சாந்தாமணி என்னைப் பார்த்தாள். அவளுக்கு வாயால் சொல்லத் தெரியாததை எல்லாம் கண்ணால் சொல்லத் தெரியும்.

ஜனவரி 8

இந்த வருடம் உரக்கடையில் டைரி கொடுக்கவில்லை, காலண்டர்தான் கொடுத்தார்கள். போன வருட டைரியின் முன்பாதி காலியாகக் கிடக்கிறது, அதிலேயே எழுதுகிறேன்.

காய் பறிக்கிறோம். களத்தில் கொட்டிக் காயவைத்து உடைத்துக்கொண்டிருக்கிறோம். சாந்தாமணி களத்தைச் சுற்றி முள் வெட்டிப் போட்டாள். தண்ணீர் குடிக்க வருகிற மாட்டைக்கூட அந்தப் பக்கம் விடுவதில்லை. உதிர்ந்த தொலியைக் கூட்டி அள்ளி அவளே குழி வெட்டி மூடினாள். ஒரு விதை சிதறினாலும் குனிந்து பொறுக்குகிறாள். பார்க்கிறவர்கள் கஞ்சத்தனம் என்று நினைப்பார்கள்.

பிப்ரவரி 2

நானூற்றுப் பன்னிரண்டு கிலோ.

போன வருடம் இதே நாளில் கிலோ மூவாயிரத்து இருநூறுக்கு எடுத்தார்கள். இன்றைக்கு ஆயிரத்து எண்ணூற்று ஐம்பதாம். "வரத்து சாஸ்திங்க, எல்லாரும் கண்வலி போட்டுட்டாங்க" என்றான் வியாபாரி. எல்லாரும் போட்டதற்கு நான் என்ன செய்வேன்? நான் மட்டும் போட வேண்டும் என்றல்லவா நான் நினைத்தேன்.

குப்புராஜ் காதோடு சொன்னான்: "கடனுக்குண்டானத மட்டும் குடு மாப்ள. மிச்சத்த ஆவணி வரைக்கும் வெச்சிரு. வெலை ஏறாம எங்க போவுது?"

இருநூற்று ஐம்பது கிலோவைக் கொடுத்தேன். மிச்சம் நூற்று அறுபது சொச்சத்தை நாலு யூரியாச் சாக்கில் கட்டி, குப்புராஜின் பிக்கப்பிலேயே திருப்பிக் கொண்டுவந்தேன். சாந்தாமணி சாயங்காலப் பால் ஊற்ற சொசைட்டிக்குப் போயிருந்த நேரம். வீட்டில் வைத்தால் கண்டுபிடித்துவிடுவாள். அவளால் ஏற முடியாத இடம் ஒன்றுதான் இருக்கிறது.

"ஒட்டுக்காக் குடுத்துட்டீங்களா?" என்றாள், வந்ததும்.

"குடுத்துட்டேன்."

"என்ன வெலைங்க?"

"ஆயிரத்து நூறு."

இருநூற்று ஐம்பது கிலோவுக்கு வந்த நாலு லட்சத்து ஐம்பதாயிரத்துச் சொச்சத்தை நானூற்றுப் பன்னிரண்டு கிலோவுக்கும் பரப்பிச் சொன்னேன், கணக்கும் சரியாக வந்தது. அவள் பெருமூச்சு விட்டாள். "போனாப் போவுது. வெசம் ஊட்ட உட்டுப் போச்சே, அதுவே போதும்" என்று சொல்லி எனக்குத் தோசை சுட்டாள். இரண்டு தோசை அதிகமாகவே சாப்பிட்டேன். பொய் சொன்னது அவளுக்காகவும்தான். விலை ஏறி நான் பணத்தைக் கட்டாகக் கொண்டுவந்து வைக்கும்போது அவளே சிரிப்பாள்.

பிப்ரவரி 15

வியாபாரி கடனும் பேங்கு வட்டியும் போகக் கையில் நின்றது ஒரு டிவிஎஸ் வண்டிக்குக்கூடக் காணாது. கோகிலாவுக்குப் பரீட்சைப் பணம் கட்ட வேண்டும் என்று போன் வந்தது. சாந்தாமணி பால் காசிலிருந்து அனுப்பிவிட்டாள்.

மார்ச் 10

கிலோ ஆயிரத்து அறுநூறு.

மார்ச் 29

ஆயிரத்து நானூற்று ஐம்பது. ஆவணிக்கு இன்னும் நாள் இருக்கிறது.

தட்டு இறக்கிப் போடுகிற சாக்கில் பரண் ஏறிப் பார்த்துக்கொள்கிறேன். நாலும் பத்திரம். முன்னால் தட்டை அடுக்கி மறைத்திருக்கிறேன். "இப்பெல்லாம் மாட்டு மேல ரொம்பத்தான் அக்கறை" என்று சாந்தாமணி கிண்டல் செய்தாள்.

ஏப்ரல் 21

வெயில் மண்டையைப் பிளக்கிறது. பரணில் தகரத்துக்கு அடியில் அரை நிமிடம் நிற்க முடியவில்லை. ஓரத்து மூட்டையைத் தொட்டால் சாக்கு பொடிப்பொடியாகக் கையோடு வருகிறது. பழைய சாக்கு, சூட்டில் இற்றுவிட்டது. கோணிச் சாக்கு வாங்கி மாற்றிக் கட்ட வேண்டும்.

ஏப்ரல் 28

கோணிச் சாக்கு ஒன்று நாற்பது ரூபாய் கேட்கிறான். அடுத்த வாரம் சந்தையில் பார்க்கலாம்.

மே 6

கோடை மழை. ஒரு மணி நேரம் கொட்டியது. இரண்டு நாளில் காட்டில் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கண்வலி முளை எட்டிப் பார்க்கும். சாந்தாமணி இப்போதே காட்டு வாசலின் முள் படலை இழுத்துக் கட்டிவிட்டாள்.

மே 9

என்ன நடந்தது என்று வரிசையாக எழுதுகிறேன்.

நேற்றுச் சாயங்காலம் தண்ணீர் காட்ட மாடுகளை அவிழ்த்துவிட்டாள். கோகிலா போன் செய்தாள், பேசிக்கொண்டே நின்றுவிட்டாள். படல் கட்டு அவிழ்ந்திருந்தது. மாடுகள் காட்டுக்குள் இரண்டு எட்டு வைத்துவிட்டன. பார்த்ததும் ஓடிப்போய்த் திருப்பிக்கொண்டு வந்து கட்டிவிட்டாள். இது நேற்று.

இன்று விடியற்காலையில் இருட்டோடு தொட்டியில் புண்ணாக்குத் தண்ணீர் ஊற்றினாள். மூன்றும் குடித்தன. பால் கறந்தாள். எட்டு மணிக்கு மூத்த எருமை அசை போடாமல் நின்றது. பத்து மணிக்கு மூன்றுக்கும் கழிச்சல், வாயில் நுரை. செவலை படுத்துவிட்டது.

நான் டாக்டரம்மாவுக்குப் போன் செய்துவிட்டு, தட்டு இறக்கலாம் என்று ஏணி ஏறினேன்.

ஓரத்து மூட்டை அடியில் பிளந்திருந்தது. பாதிக்கு மேல் கொட்டிப்போயிருந்தது. பனஞ்சட்ட இடுக்குகளில் விதை வரிசையாக நின்றது. நேராகக் கீழே தொட்டி.

இறங்கினேன். சாந்தாமணி செவலையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் பக்கம் பார்க்கவில்லை. தொட்டியின் அடியில் மிச்சமிருந்ததைக் கையால் அள்ளி வேட்டியில் கட்டினேன். பிறகு குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றித் தொட்டியைக் கழுவினேன்.

டாக்டரம்மா பதினொன்றரைக்கு வந்தார். "எதாச்சும் தின்னுச்சுங்களா?"

சாந்தாமணிதான் பதில் சொன்னாள். "நாந்தானுங். படலைக் கட்டாம உட்டுட்டேன். போன்ல பேசிட்டு நின்னேன். கண்வலி மொளைய மேஞ்சுபோடுச்சுங். ரெண்டு நிமிசங்கூட இருக்காதுங்."

"ரெண்டு நிமிசத்துல இவ்ளோ வராதே" என்றார் டாக்டரம்மா. என்னைப் பார்த்தார். "வேற எதும் வெச்சிருக்கீங்களா? வெதை, கெழங்கு?"

"எல்லாம் பிப்ரவரியிலயே வித்தாச்சுங்க" என்று சாந்தாமணி சொன்னாள். "ஒரு வெதை ஊட்டுல இல்லீங்."

நான் குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். கை வலித்தது.

மூத்த எருமை இரண்டு மணிக்குப் போய்விட்டது. இளையது ஐந்தரைக்கு.

மே 11

செவலையும் காலையில் போய்விட்டது. சினையாக இருந்ததை டாக்டரம்மா வயிற்றை அறுத்தபோதுதான் பார்த்தோம்.

காட்டை ஓட்டிய அதே ஜேசிபிக்காரன்தான் வந்து குழி எடுத்தான். பாதி வாடகைதான் வாங்கினான்.

மே 12

பிளந்ததில் மிஞ்சியதைக் குழி வெட்டி மூடினேன். மிச்ச மூன்று மூட்டையையும் கோணிச் சாக்கில் மாற்றிக் கட்டினேன்.

மே 19

சாந்தாமணி பேசுவதெல்லாம் ஒன்றேதான். சாணி போடுகிற குழியைப் பார்த்தால் அதைத்தான் பேசுகிறாள், வெறும் குடத்தைப் பார்த்தால் அதைத்தான் பேசுகிறாள். "போனை எடுக்காம இருந்திருக்கலாம்." கோகிலா லீவில் வந்திருக்கிறாள். அந்தப் பெண்ணும் உள்ளுக்குள் குமைகிறாள், போன் செய்தது தான்தானே என்று.

இன்று கோகிலா என்னிடம் தனியாக வந்து, "அப்பா, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. உன் மேல தப்பில்லைன்னு சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் அம்மா தேறும்" என்றாள்.

போய்ச் சொன்னேன். "உன் மேல தப்பில்ல சாந்தா."

"உங்களுக்குப் பெரிய மனசுங்" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

வெட்கமாக இருக்கிறது. அவ்வளவுதான் எழுத முடிகிறது.

மே 27

சொசைட்டி செகரட்டரி வீட்டுக்கே வந்து பால் அட்டையை வாங்கிக்கொண்டு போனார். மூன்று மாதம் பால் ஊற்றாவிட்டால் உறுப்பினர் பெயரை எடுத்துவிடுவார்களாம். பதினேழு வருடம் ஒருநாள் தவறாமல் ஊற்றியிருக்கிறாள் என்று அவர் சொன்னார். எனக்குத் தெரியாது.

ஜூன் 4

சோப்புத் தீர்ந்துவிட்டது என்று சாந்தாமணி வந்து என் முன்னால் நின்றாள். என்ன என்று கேட்டேன். சோப்பு என்றாள். வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்றேன். அவள் நின்றுகொண்டே இருந்தாள். அப்புறந்தான் எனக்கு உறைத்தது. இருபத்திரண்டு வருடத்தில் அவள் என்னிடம் கை நீட்டியது இதுதான் முதல் தடவை. ஐம்பது ரூபாய் கொடுத்தேன். மிச்சம் பன்னிரண்டு ரூபாயைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தாள்.

அதற்குப் பிறகு உப்புக்கும் பருப்புக்கும் என்னிடந்தான் வருகிறாள். வீட்டில் இவ்வளவு சாமான் தீர்கிறது என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. போன வருடம் வரைக்கும் என் பணத்தில் இந்த வீடு நடந்தது என்றல்லவா நினைத்திருந்தேன்.

ஜூன் 9

கோகிலாவுக்கு அடுத்த வருடத்துப் பணம் கட்டத் தேதி வந்துவிட்டது. பேங்கில் கேட்டேன், பழைய பாக்கியைச் சொன்னார்கள். பரண் மேல் இருப்பதை ஆயிரத்து முந்நூறுக்குத் தள்ளிவிட்டால் கட்டிவிடலாம். ஆனால் ஏது பணம் என்று அவள் கேட்பாளே.

ஜூன் 14

சாந்தாமணி மில்லுக்குப் போகிறாள். வெள்ளகோவில் பக்கம் நூல் மில். விடியற்காலை ஐந்து மணிக்கு வேன் ரோட்டுக்கு வரும். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை. கோகிலாவின் பணத்துக்கு மில்லில் முன்பணம் கொடுத்திருக்கிறார்கள்.

"நான் பாத்துக்கறேன், நீ போவண்டாம்" என்றேன்.

"நான் தொலைச்சத நாந்தானுங்க சம்பாரிக்கோணும்."

ஜூன் 30

சந்தையில் டாக்டரம்மா வண்டியை நிறுத்தினார். ஓரமாகக் கூப்பிட்டார்.

"நாச்சிமுத்து, அன்னைக்கு அந்தம்மா முன்னாடி சொல்ல வேண்டாம்னு விட்டேன். மூணு வயித்துலயும் தழை இல்லை. ஒரு கைப்பிடி முளைகூட இல்லை. விதைதான் இருந்துச்சு. கைப்பிடி கைப்பிடியா."

நான் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"காட்டுல உதிர்ந்து கெடந்திருக்குமுங்க" என்றேன்.

"நாலு மாசமா? மழைக்கு அப்புறமா?" அவர் வண்டியைக் கிளப்பினார். பிறகு, "உங்க வீட்டுக் கதை, எனக்கெதுக்கு. ஆனா அந்தம்மா தான்தான் கொன்னுட்டோம்னு நெனச்சிட்டிருக்காங்க. பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து சொல்லிவிடுவது என்றே நடந்தேன். வார்த்தைகூட அடுக்கி வைத்திருந்தேன். வந்தபோது சாந்தாமணி மில்லிலிருந்து வந்து கால் வீக்கத்துக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தலைமயிரில் பஞ்சு. "நேரமாச்சே, சோறு உங்கறீங்களா?" என்றாள். சாப்பிட்டேன்.

ஜூலை 16

டைரியில் பக்கம் தீர்ந்துவிட்டது. இது கோகிலாவின் பழைய நோட்டு.

கண்வலி இரண்டாயிரத்து நூறு. போன வருடம் போட்ட பாதிப் பேர் இந்த வருடம் போடவில்லையாம். என் காட்டில் பழைய கிழங்கே நன்றாகக் கிளம்பிவிட்டது.

ஜூலை 29

இரண்டாயிரத்து ஐந்நூறு. குப்புராஜ் போன் செய்து, "நான் சொன்னனா இல்லியா?" என்றான். சொன்னான்தான்.

ஆகஸ்ட் 7

இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். சாந்தாமணி மில்லில் இருந்த நேரத்தில் இறக்கி எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டேன். நூற்று இருபத்தொரு கிலோ. மூன்றரை லட்சம். எல்லாரும் ஏமாந்த வருடத்தில் நான் ஏமாறவில்லை. கடைவீதியில் ஒரு டீ குடித்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்ல ஆள் இல்லை.

ஆகஸ்ட் 10

ஈரோட்டுச் சந்தைக்குப் போய் எருமை ஒன்று பிடித்துவந்தேன். கன்றோடு, இரண்டாவது ஈத்து, வேளைக்கு ஐந்து லிட்டர் நிச்சயம். வியாபாரி அடுத்த வருட விதைக்கு அட்வான்ஸ் கொடுத்தான் என்று சாந்தாமணியிடம் சொன்னேன். பொய் சொல்வது எனக்கு இப்போது சிரமமாக இல்லை.

அவள் வாசலில் நின்றபடியே பார்த்தாள். எருமை அவளைப் பார்த்துக் கழுத்தை நீட்டியது. அவள் கை தானாக எழுந்ததை நான் பார்த்தேன். உடனே முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு வேண்டாமுங். நான் தொட்டா இதும் செத்துப்போவும்."

"கிறுக்கா உனக்கு? கன்னுக்குட்டி பாரு."

"குடுத்துருங்க. ஆருக்காச்சும் குடுத்துருங்க."

உள்ளே போய்விட்டாள். நான்தான் கறக்க உட்கார்ந்தேன். எனக்குக் கறக்கத் தெரியாது. எருமை காலை உதறியது, செம்பு உருண்டது. கன்றை அவிழ்த்துவிட்டுவிட்டேன், அதுவாவது குடிக்கட்டும் என்று.

ஆகஸ்ட் 13

நாளெல்லாம் கன்றை விட்டும் பால் தேங்கி மடி கட்டிவிட்டது. குப்புராஜின் மாமனார் வந்து ஓட்டிக்கொண்டு போனார், பத்தாயிரம் நட்டத்துக்கு.

ஆகஸ்ட் 18

மில் முன்பணம் இன்னும் பாதி நிற்கிறதாம், சம்பளத்தில் பிடித்தது போக மிச்சம் கவரில் வந்தது. சாந்தாமணி அப்படியே என் கையில் வைத்தாள்.

"மூணு உருப்படிக்கும் சேத்து எவ்வளவு ஆவும்னு நீங்களே போட்டுக்கங்க. மாசாமாசம் கழிச்சிருங்க."

"அது உன்னோட மாடு. எனக்கெதுக்கு நீ காசு குடுக்கோணும்?"

"பாலுக் காசு இந்த ஊட்டுக்குத்தான வந்துச்சு. தொட்டியையும் அன்னைக்கு நீங்கதான் கழுவுனீங்க. நான் உக்காந்துதான் இருந்தேன். எதுக்கும் ஒதவுல."

பெட்டியில் வைத்துப் பூட்டினேன். வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 3

ஞாயிறு. மில் லீவு.

வேளாண்மைக் கல்லூரியிலிருந்து கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். கோகிலா வயதுதான் இருக்கும். நெஞ்சோடு அணைத்த அட்டையில் கேள்வித்தாள். பணப்பயிர் போட்ட பிறகு விவசாயக் குடும்பங்களின் வருமானம் என்ன ஆனது என்று ஊர் ஊராகக் கேட்டுப் போகிறார்களாம். நாற்காலி போட்டேன். சாந்தாமணி மோர் இல்லை என்று டீ போட்டுக்கொண்டுவந்தாள், கடைப் பால் டீ.

எத்தனை ஏக்கர், எவ்வளவு செலவு, என்ன விளைச்சல் என்று கேட்டாள். சொன்னேன். விற்ற விலை கேட்டாள். ஆயிரத்து நூறு என்றேன், சாந்தாமணி நிலைப்படியில் உட்கார்ந்திருந்ததால்.

"மொத்தத்துல குடும்ப வருமானம் முன்னைக்கு இப்ப கூடியிருக்குங்களா, குறைஞ்சிருக்குங்களா, அப்படியே இருக்குங்களா?"

"கூடித்தான் இருக்குதுங்க" என்றேன். கணக்குப் பார்த்தால் அதுதான் உண்மை.

அந்தப் பெண் டிக் போட்டாள். ஒரு பக்கம் திருப்பினாள். "இது வீட்டுப் பெண்களுக்கான பகுதிங்க" என்று சொல்லி சாந்தாமணி பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "அக்கா, உங்களுக்குன்னு தனி வருமானம் எதாவது முன்னாடி இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சு கண்ணு. ரெண்டு எருமை, ஒரு பசு. பால் ஊத்துனேன்."

"இப்ப இல்லீங்களா? என்ன காரணம்னு எழுதட்டும்?"

"காரணம் என்ன காரணம். நானே கொன்னுபோட்டேன்."

பேனா நின்றுவிட்டது. அந்தப் பெண் அவளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். பதறிப் போயிருந்தாள் பாவம். தன் கேள்வித்தாளில் அதற்கு ஒரு கட்டம் இல்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"அப்படிங்களா சார்?" என்றாள் என்னிடம்.

சாந்தாமணியும் என்னைப் பார்த்தாள். நான் மறுத்துச் சொல்வேன் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. உன் மேல் தப்பில்லை என்று மே மாதம் நான் சொன்னதை இன்னொரு தடவை, வெளியாள் முன்னால், சொல்வேன் என்று நினைத்திருக்கலாம். தப்பு அவள் மேல் இல்லை என்றால் யார் மேல் என்று அந்தப் பெண் கேட்பாள். அவள் தொழிலே கேட்பதுதான்.

"ஆமாங்க" என்றேன்.

அந்தப் பெண் குனிந்து எழுதிக்கொண்டாள்.